மூக்கைப் பொத்துகிற பிள்ளை

பிள்ளைக் காம்பரா,
மேற்கணக்கு, மஸ்கெலியா.
01.06.2024

அன்புள்ள லெட்சுமி அக்காவுக்கு,

சர்மிளா எழுதுவது. உங்கள் தங்கச்சிக்கு இரட்டைக் குழந்தை என்று அலியார் நானா கடையில் கேள்விப்பட்டேன். சந்தோஷம். இரண்டும் யார் சாயல் என்று தேயிலைக் கொழுந்து மலையில் பெரிய வாக்குவாதமே நடக்கிறது. பார்க்காமலேயே ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

போன் எடுத்துப் பேசலாம்தான். போன தடவை பேசியபோது இரண்டு பேரும் சத்தம் போட்டதுதான் மிச்சம். தபாலில் போட்டால் தோட்டத்து ஆபீஸில் கிடந்து புளித்துப் போகும். நானாவின் லொறி செவ்வாயும் சனியும் வலப்பனைக்கு மரக்கறி ஏற்ற வருகிறதாம். ஓட்டுகிற ரிஸ்கான் தம்பி உங்கள் தங்கச்சி வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து தருகிறேன் என்றான். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் லீவில் போன அன்று, "அக்கா, பிள்ளை வாயப் புடிச்சு ஊட்டாதீங்க" என்று தாய்மார் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். சொன்ன விஷயம் தப்பில்லை. சொன்ன இடம் தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போது வேலை விஷயம். வரும் 19ஆம் தேதி, புதன்கிழமை, பூச்சி மாத்திரை கொடுக்க வேண்டும் என்று தோட்டத்து டாக்டர் கணேசமூர்த்தி ஐயா சொல்லிவிட்டார். ஒன்றரை வயதுக்கு மேலே இருபத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு முன்பிருந்த மிஸ் போன வருஷமே போய்விட்டதால் டிசம்பரில் நீங்கள் தனியாகத்தான் கொடுத்தீர்களாமே? அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பெயருக்கும் நேரே 'கொடுத்தாயிற்று' என்று இருக்கிறது. ஒரு பிள்ளை துப்பவில்லை, ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, ஒன்றுகூட அழுது அடம்பிடித்து நிற்கவில்லை. எப்படி அக்கா?

எனக்கு இது முதல் தடவை. பயிற்சியில் பொம்மைக்குத்தான் கொடுத்துப் பார்த்தோம். போன முறை யாருக்காவது ஏதும் ஆனதா, எந்தப் பிள்ளையை விசேஷமாகக் கவனிக்க வேண்டும் என்று மறக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சர்மிளா


வலப்பனை,
04.06.2024

மதிப்புக்குரிய சர்மிளா மிஸ் அவர்களுக்கு,

நாகலெட்சுமி எழுதிக்கொள்வது. காகிதம் கிடைத்தது. உங்கள் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், என் கோழிக் கிறுக்கலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மன்னிப்பெல்லாம் எதற்கு? நீங்கள் உத்தியோகத்தர், நான் ஆயம்மா. பதினான்கு வருஷம், மலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு அந்தக் காம்பராவில் ஆயம்மாவாக இருந்தேன். மிஸ் என்றும் டீச்சர் என்றும் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை, நான் கேட்டதுமில்லை. உங்களைப் பிள்ளைகள் இரண்டே கிழமையில் டீச்சர் என்று கூப்பிடப் பழகிவிட்டார்களாம். ரிஸ்கான் சொன்னான். நானாக அவனிடம் கேட்கவில்லை. தொட்டில் கட்டுகிற கம்பியில் நீங்கள் கலர்க் காகிதத்தில் பூ வெட்டித் தொங்கவிட்டதையும், அதைப் பார்த்துக் கைப்பிள்ளைகள் அழாமல் கிடப்பதையும், தாய்மார் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவதையும் அவனாகத்தான் சொன்னான்.

நல்லது. பூவைப் பார்த்துத் தூங்கட்டும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் என் தோளில் தூங்கின பிள்ளைகள் இப்போது கொழுந்து எடுக்கிற வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களைக் கேட்டால் தெரியும்.

மருந்து விஷயம் கேட்டீர்கள். பயிற்சியில் எல்லாம் சொல்லித் தந்திருப்பார்களே, என்னிடம் என்ன கேட்க இருக்கிறது? பட்டியலில் எழுதியிருப்பதுதான் நடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரிதான். என் கையால் கொடுத்தால் ஒரு பிள்ளையும் துப்பாது. அது பொம்மையை வைத்துப் பழகி வருகிற காரியமில்லை.

காம்பரா அலுமாரிச் சாவியைப் பத்திரமாக வைத்திருங்கள். நான் வந்ததும் திருப்பித் தர வேண்டிவரும்.

நாகலெட்சுமி


மேற்கணக்கு,
08.06.2024

அக்கா,

'மிஸ் அவர்களுக்கு' என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் அழுகை வந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கோபம் வந்தது. இப்போது இரண்டும் இருக்கிறது.

ரிஸ்கான் தம்பி உங்களுக்குப் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறான். மிச்சத்தை நான் சொல்கிறேன். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு முன்னால் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். வாசலில் கால் வைத்ததும் ஒவ்வொன்றும் கேட்கிற முதல் கேள்வி, "ஆயம்மா எங்க?" டீச்சர் என்று கூப்பிடுவது மரியாதைக்கு. தூக்கம் வந்தால், விழுந்தால், வயிறு வலித்தால் தேடுவது உங்களைத்தான். போன கிழமை ஒரு தாய் என் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "என்ன இருந்தாலும் லெச்சுமியக்கா கைராசி வேற மிஸ்." நான் அவள் பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே கையை எடுத்துவிடலாமா என்று வந்தது.

நான் கொழும்பில் போய்ப் பன்னிரண்டு மாதம் படித்தவள். நீங்கள் இங்கே இல்லாமலேயே என்னை ஜெயிக்கிறீர்கள். எனக்கு அது எரிகிறது. ஒளித்துப் பேசத் தெரியவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். ஷாமிலாவின் மகன் திலக்ஷன், இரண்டு வயது ஆனவன், கரண்டியைக் கண்டால் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொள்கிறான். வாயைப் பொத்தினால் சாப்பிடப் பிடிக்கவில்லை என்று நினைக்கலாம். இவன் மூக்கை அல்லவா பொத்துகிறான்! கையால் ஊட்டினால் ஒழுங்காகச் சாப்பிடுகிறான். கரண்டி என்றால்தான் அப்படி. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். அவனைப் பார்த்து மற்றதுகளும் பழகி, இப்போது சாப்பாட்டு நேரம் ஆறேழு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஷாமிலாவிடம் கேட்டேன். வீட்டில் கையாலேயே ஊட்டுவதால் தனக்குத் தெரியவில்லை என்றாள். உங்களுக்கு ஏதும் தெரியுமா?

சர்மிளா


வலப்பனை,
11.06.2024

சர்மிளா மிஸ்ஸுக்கு,

பிள்ளைகள் தேடுகிறார்கள் என்று எழுதியிருந்த இடத்தை மட்டும் நாலு தரம் படித்தேன். ஐந்தாவது தரம் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். உங்களுக்கு எரிகிறது என்று எழுதிய இடத்தையும் வாசித்துக் காட்டினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

இங்கே எனக்கு வேறு எரிச்சல். தங்கச்சியின் மாமியார் காளியாயி அம்மா இரண்டு குழந்தைகளையும் யாரிடமும் விடுவதில்லை. குளிப்பாட்டுவது அவர், சாம்பிராணி போடுவது அவர், மடியில் போட்டுக்கொள்வது அவர். நான் துணி துவைக்கிறேன். "பதினாலு வருசமா ஊரான் புள்ளைகள வளத்தேன், எனக்குத் தூக்கத் தெரியாதா?" என்று கேட்டேன். "ஒன்னக் கேட்டா புள்ள பொறந்திச்சு?" என்றார். எனக்கென்று பிள்ளை இல்லை என்பதை எந்த இடத்தில் குத்தினால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், அந்தக் காம்பராவைத் தவிர எனக்கு வேறு இடம் இல்லை. நீ பூ வெட்டித் தொங்கவிட்டு அதையும் பிடிக்கப் பார்க்கிறாய்.

நீ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினால் காகிதம் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும்.

மாத்திரைக்கு ஒரு யோசனை. டாக்டர் ஐயாவிடம் சொல்லி நாளைத் தள்ளிப்போடு. நான் ஜூலை முதல் கிழமை வந்துவிடுவேன். வந்து நானே கொடுக்கிறேன். இரண்டு கிழமை முன்னே பின்னே ஆனால் ஒன்றும் கெட்டுப் போகாது.

திலக்ஷன் விளையாட்டுப் பிள்ளை. மூக்கைப் பொத்தினால் பொத்திவிட்டுப் போகிறான். அதைப் பெரிதாக எடுக்காதே. ஷாமிலாவிடம் அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

நாகலெட்சுமி


மேற்கணக்கு,
15.06.2024

அக்கா,

தள்ளிப்போட முடியாது. டாக்டர் ஐயாவிடம் கேட்டேன். "ஆயம்மா வர்ற வரைக்கும் பூச்சி லீவுல இருக்குமா?" என்றார். மாத்திரையும் வந்துவிட்டது. 19ஆம் தேதிதான்.

வியாழக்கிழமை தாய்மாரைக் கூப்பிட்டு விளக்கம் சொன்னேன். சின்னப் பிள்ளைக்கு முழு மாத்திரை கொடுக்கக் கூடாது, இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கித் தண்ணீரில் கரைக்க வேண்டும், பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், அழும்போது கொடுக்கக் கூடாது, மூக்கைப் பிடிக்கவே கூடாது, காய்ச்சல் என்றால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஷாமிலா சிரித்தாள். "என்ன மிஸ் நீங்க, கரைச்சுக்கிட்டும் கெஞ்சிக்கிட்டும்? லெச்சுமியக்கா மூக்கப் புடிப்பாங்க, வாய் தானாத் தொறக்கும், ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிரும். அவங்க குடுத்து ஒரு புள்ளைக்காவது ஒன்னு ஆயிருக்கா?" என்றாள். கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நான் படித்தபடி செய்தால் நாலைந்து பேராவது துப்புவார்கள். இரண்டு பேர் வாயே திறக்க மாட்டார்கள். என் பட்டியலில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். டிசம்பர்ப் பட்டியலுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தால் யார் கெட்டிக்காரி என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். பதினான்கு வருஷமாக உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே. அப்படியானால் எங்கள் பயிற்சிக்காரர்கள் சும்மா பயப்படுத்துகிறார்களோ என்று தோன்றுகிறது. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று.

பொறாமை என்று சொன்னால் சொல்லுங்கள். ஆமாம், பொறாமைதான். இந்த முறை உங்கள் வழியிலேயே செய்யப் போகிறேன். அதிகம் அடம்பிடிக்கிறவன் திலக்ஷன். அவனில் இருந்தே ஆரம்பிக்கிறேன். அவனுக்குக் கொடுத்துவிட்டால் மற்றவர்களுக்குச் சுலபம்.

திங்கள் ஹஜ்ஜுப் பெருநாள். அதனால் செவ்வாய் லொறி இல்லை, இனி அடுத்த சனிதான் என்று ரிஸ்கான் சொன்னான். ஏதாவது சொல்வதென்றால் இன்றைக்கே அவன் கையில் கொடுத்துவிடுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

சர்மிளா


வலப்பனை,
16.06.2024, ஞாயிறு

சர்மிளா,

மூக்கைப் பிடிக்காதே. எந்தப் பிள்ளையின் மூக்கையும் பிடிக்காதே. திலக்ஷனைக் கட்டாயப்படுத்தாதே. மற்றதைப் பிறகு படி.

நேற்று ரிஸ்கான் கோவா மரக்கறி மூட்டையெல்லாம் ஏற்றி முடித்துவிட்டு, "காயிதம் ஏதும் இருக்காக்கா?" என்று கேட்டான். உன் காகிதம் என் இடுப்பில் சொருகியிருந்தது. படித்துவிட்டேன். இல்லை என்றேன். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஏன் இல்லை என்றேன் என்று சொல்கிறேன். இவளும் ஒரு தரம் என் மாதிரிச் செய்து பார்க்கட்டும், அப்போது தெரியும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், சர்மிளா. உனக்கு நடக்கட்டும் என்று நினைத்தேனே தவிர, நடப்பது உனக்கு இல்லை, அந்தப் பிள்ளைக்கு என்பது லொறி போன பிறகுதான் மண்டையில் ஏறியது.

டிசம்பரில் நடந்தது இது. டாக்டர் ஐயா மாத்திரைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தான் இருந்து கொடுப்பதாகத்தான் சொன்னார். தோட்டத்தின் கீழ்ப்பக்கம், கீழ்க்கணக்கில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைவலி வந்துவிட்டது என்று ஆள் வந்தது. "நான் வர்ற வரைக்கும் பொறுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பொறுக்கவில்லை. தனியாகக் கொடுத்து முடித்துவிட்டேன் என்று சொல்ல ஆசைப்பட்டேன். அதிகாரி ஒருத்தர் இல்லாமலே இந்தக் காம்பராவை நான் நடத்துவேன் என்று ஆபீஸுக்குக் காட்ட வேண்டும், அந்த இடத்தை எனக்கே தந்துவிடுவார்கள் என்று நினைப்பு.

பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தேன். திலக்ஷன் பத்தொன்பதாவது. மற்றதுகளின் அழுகையைப் பார்த்தே அவன் அழத் தொடங்கியிருந்தான். மாத்திரையைக் கரண்டியில் வைத்துக்கொண்டு மூக்கைப் பிடித்தேன். வாயைத் திறந்தான். முழு மாத்திரையையும் போட்டேன். அழுகிற பிள்ளை மூச்சை இழுத்தான், அதோடு அதுவும் போய்விட்டது. அழுகை நின்றது. விழுங்கிவிட்டான் என்று நான் இருபதாவது பிள்ளையின் பக்கம் திரும்பினேன்.

ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன். உதடு நீலமாக இருந்தது. இருமவில்லை, சத்தமில்லை, கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கிக் குப்புறக் கவிழ்த்து முதுகில் அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். மாத்திரை எச்சிலோடு தரையில் விழுந்தது. பிறகுதான் அவன் கத்தினான்.

நான் செய்த அடுத்த வேலை என்ன தெரியுமா? அந்த மாத்திரையைக் காலால் தள்ளித் தண்ணீர் ஓடுகிற கானில் விட்டேன். மிச்ச மூன்று பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். பட்டியலில் அவன் பெயருக்கு நேரே 'கொடுத்தாயிற்று' என்று எழுதினேன். அவனுக்கு அன்றைக்கு மருந்தே போகவில்லை.

சாயங்காலம் ஷாமிலா வந்து பிள்ளையைத் தூக்கினாள். "என்னக்கா முதுகெல்லாம் செவந்திருக்கு?" என்று கேட்டாள். ஒரே பக்கமாகப் படுத்திருந்தான் என்றேன். நம்பினாள். "நீங்க இருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியா மலையில நிக்கிறேன்" என்றாள். அவள் அதைச் சொல்லாமல் ஏசியிருந்தால் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லாமலே போய்விட்டது.

அவன் மூக்கைப் பொத்துவது விளையாட்டில்லை. நீ அதை எழுதிய காகிதத்தைப் படித்தபோதே எனக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகள் எல்லாம் என்னைத் தேடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். திலக்ஷன் தேடினானா என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். தங்கச்சி புருஷன் ஜீவராஜின் போன்தான் இந்த வீட்டில் இருப்பது. அதில் ஸ்பீக்கரில் போட்டால்தான் பேச்சே கேட்கும். பக்கத்தில் காளியாயி அம்மா உட்கார்ந்திருக்கிறார். பிள்ளையின் உயிர் விஷயத்தில்கூட என் மானத்தைப் பார்க்கிறேன் பார். அதற்காக அவனையே அனுப்புகிறேன். நாளைக்கு லீவு நாள், முதல் பஸ்ஸில் வருவான். இதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கொடுத்துவிட்டேன் என்று அவன் திரும்பி வந்து சொல்லாவிட்டால் செவ்வாய் முதல் பஸ்ஸில் நான் வருவேன்.

நீ படித்தபடியே செய். துப்பினால் துப்பியது என்று எழுது. வாய் திறக்காவிட்டால் இன்னொரு நாள் கொடு.

உன்மேல் எனக்குப் பொறாமை போகவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் இருக்கிறது. இனி அந்தக் காம்பரா உனக்குத்தான் என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

லெட்சுமி


மேற்கணக்கு,
22.06.2024

அக்கா,

ஜீவராஜ் அண்ணன் திங்கள் மத்தியானம் மழையில் நனைந்துகொண்டு வந்தார். காகிதத்தைச் சட்டைக்குள்ளே பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தார். முதல் வரியைப் படித்ததும் வாசல் இஸ்தோப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்றதும், சரி என்று எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பொம்மையின் மூக்கைப் பிடித்துப் பிடித்துப் பழகினேன். எந்த விரலால் பிடித்தால் வசதி என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன். உங்களை ஏச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கூடாது என்று தெரிந்த நான், உங்கள் பட்டியலைப் பார்த்து எரிந்துபோய்ச் செய்யப் போனேன். நீங்களாவது தெரியாமல் செய்தீர்கள்.

புதன்கிழமை ஒவ்வொரு தாயையும் மலையிலிருந்து முறை வைத்து வரச் சொன்னோம். கங்காணி கத்தினார். "கொழுந்து நாளைக்கும் இருக்கும்" என்று டாக்டர் ஐயா அவரை அனுப்பிவிட்டார். ஐயா கடைசி வரை கூடவே இருந்தார். ஒவ்வொரு பிள்ளையின் சுகாதார அட்டையையும் பார்த்தோம், நெற்றியைத் தொட்டுப் பார்த்தோம், நசுக்கிக் கரைத்து, தாயின் மடியில் வைத்துக் கொடுத்தோம். கொடுத்த பிறகு அரை மணி நேரம் வெளியே விடவில்லை. பதினேழு பேர் குடித்தார்கள். இரண்டு பேருக்குக் காய்ச்சல், திருப்பி அனுப்பினோம். இரண்டு பேர் துப்பினார்கள். ஒன்று ஐயாவின் சட்டையில் துப்பியது. எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன்.

திலக்ஷன் கரண்டியைக் கண்டதும் மூக்கைப் பொத்தினான். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்குக் கொடுக்கவில்லை. மறுநாள் ஷாமிலாவை வரச் சொல்லி, வெறும் கரண்டியையும் ஒரு கோப்பை தண்ணீரையும் அவன் கையில் விளையாடக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் தண்ணீரைச் சிந்திக்கொண்டிருந்தான். பிறகு எனக்கு ஊட்ட வந்தான். முதலில் அவனுடைய சின்ன விரல்களால் என் மூக்கை இறுக்கிப் பிடித்தான். பிறகுதான் கரண்டியை என் வாய்க்குக் கொண்டுவந்தான். அப்படித்தான் ஊட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறான். ஷாமிலா விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் அவன் ஊட்டியதைக் குடித்தேன். பிறகு மூக்கைப் பிடிக்காமல் ஊட்டச் சொன்னேன், அதையும் குடித்தேன். நாலைந்து தரம் இப்படி ஆனது. கடைசியில் மருந்துக் கரண்டியை அவனே வாங்கி, தாயின் மடியில் உட்கார்ந்துகொண்டு தானே குடித்தான்.

இனிச் சொல்வதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். உங்கள் காகிதத்தை டாக்டர் ஐயாவிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் வைத்துக்கொண்டு யோசித்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. டிசம்பரில் மருந்து போகாத பிள்ளைக்குப் போனதாக அட்டையிலும் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து எழுதின மாதிரி ஆகும்.

ஐயா படித்துவிட்டு டிசம்பர்ப் பட்டியலை எடுத்துவரச் சொன்னார். "பொறுங்கன்னு சொல்லிட்டுப் போனேன். திரும்பி வந்து பட்டியலைப் பார்த்து நல்ல வேலைன்னு சொன்னேனே தவிர, ஒன்னும் கேக்கல" என்றார். ஆபீஸுக்கு எழுத வேண்டும் என்கிறார். உங்கள் வேலை என்னாகும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் வராவிட்டால் எனக்கு இங்கே சுகமாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதையும் மறைக்கவில்லை. அடுத்த நாள் காலையில் பிள்ளைகள் வாசலில் நின்று உங்களைக் கேட்டபோது என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஷாமிலாவுக்கு இன்னும் தெரியாது. திங்கட்கிழமை பத்து மணிக்கு டிஸ்பென்சரிக்கு வரச் சொல்லியிருக்கிறது. அவளிடம் சொல்கிற பொறுப்பை ஐயா என்னிடம் தந்திருக்கிறார். உங்களைப் பற்றி மோசமாகப் பேச மாட்டேன். முதுகில் அடித்து அவன் உயிரைத் திருப்பிக் கொண்டுவந்ததும் நீங்கள்தான் என்று சேர்த்துச் சொல்வேன்.

சர்மிளா


வலப்பனை,
22.06.2024

சர்மிளா,

ரிஸ்கான் லீக்ஸ் கட்டு ஏற்றிக்கொண்டிருக்கிறான். அதற்குள் எழுத வேண்டும்.

உன்னை ஏசத்தான் காகிதத்தை எடுத்தேன். காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று இரண்டு வரி எழுதிக் கிழித்தும் போட்டேன். பிறகு அவன் தானாகக் கரண்டியை வாங்கிக் குடித்த இடத்தைத் திரும்பப் படித்தேன். எனக்கு உடனே வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம் இல்லை. அது என் கையால் நடந்திருக்கக் கூடாதா என்றுதான் வந்தது. என் புத்தி அப்படி. நான் அவனைப் பயப்படுத்தினேன், நீ அந்தப் பயத்தைப் போக்கினாய். இதை எத்தனை வருஷம் நினைத்து எரியப் போகிறேனோ.

ஆபீஸ் என்ன எழுதினாலும் எழுதட்டும். வேலை போனால் போகட்டும். அலுமாரிச் சாவி உன்னிடமே இருக்கட்டும்.

திங்கட்கிழமை மட்டும் நீ வாயைத் திறக்காதே. டாக்டர் ஐயாவையும் பேச விடாதே. நாளைக்கு முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். துணியை யார் துவைப்பது என்று காளியாயி அம்மா கேட்டார், நீங்கதான் என்றேன். மஸ்கெலியாவில் இறங்கி எங்கேயும் நிற்காமல் ஷாமிலாவின் லயத்து வீட்டுக்குத்தான் போவேன். டிஸ்பென்சரிக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, நல்ல வார்த்தையாகப் பொறுக்கிச் சொல்ல உனக்குத் தெரியும். உயிரைத் திருப்பிக் கொண்டுவந்தவள் என்று எனக்காகப் பரிந்தும் பேசுவாய். அவள் உன்னைக் கையெடுத்துக் கும்பிடுவாள். எனக்கு அது வேண்டாம்.

காம்பராவை எடுத்துக்கொண்டாய். பிள்ளைகளும் கொஞ்ச நாளில் என்னைக் கேட்பதை விட்டுவிடுவார்கள், அதையும் எடுத்துக்கொள். ஷாமிலாவிடம் சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. அவள் என்னைத்தான் நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள். நான்தான் அவள் வாசலில் நின்று சொல்ல வேண்டும். அவள் என்னை அடித்தால், நீ குறுக்கே வராதே.

லெட்சுமி